தினமும் மூன்று வளை

அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். எதிரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எடை பார்க்கும் இயந்திரங்களுக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதும் சின்னக் கம்பெனி அது. கடைகளில் தட்டின் மேல் பொருளை வைத்ததும் எண் வருகிறதே, அந்த எண் தடுமாறாமல் நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை.

பட்டப்பெயர் வந்தது அந்த வேலையால் அல்ல. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவர் டப்பாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தனக்குச் சம்பளம் தராத ஒரு புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்குவார். அது ஒரு எடிட்டர். தட்டச்சு செய்யவும், செய்ததைத் திருத்தவும் பயன்படும் கறுப்புத் திரை. சி என்ற கணினி மொழியில் எழுதியது. தனி முதலாளி என்று அதற்கு யாரும் கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பல நாட்டுக்காரர்கள் அப்படித்தான் அதை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரர்கள் புதுப்புது வசதிகளைச் சேர்ப்பார்கள். அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். ஒருவரும் கூப்பிடாத ஃபங்ஷன் என்கிற கட்டளைத் தொகுப்பு, பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்த மறந்துபோன மாறி, ஒரே நிபந்தனையை இரண்டு தடவை கேட்கிற வரி, எப்போதோ உண்மையாக இருந்து இப்போது பொய்யாகிப்போன குறிப்பு. இவற்றைத் தேடிப்பிடித்து எடுத்துப் போடுவார்.

அதில் ஒரே ஒரு விதி. சுத்தம் செய்த பிறகும் எடிட்டர் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பயன்படுத்துகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியக்கூடாது. "அப்போ எதுக்கு சார் பண்றீங்க?" என்று பக்கத்து மேசைப் பெண் ஒருமுறை கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பழகிப்போச்சு என்று சொல்லி டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய மனைவி அந்த எடிட்டரில்தான் எழுதிக்கொண்டிருந்தாள், வேறொரு ஊரில்.

அவள் மருந்துச் சீட்டுகளை மொழிபெயர்க்கிறவள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் தாளை நம்மில் பலர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதைத் தமிழில் எழுதுவது அவள் தொழில். கல்யாணமான புதிதில் அவளுடைய கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்ததால் அவர்தான் இந்த எடிட்டரைப் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் முழுக்கத் திட்டினாள். இரண்டாவது வாரம் திட்டுக் குறைந்தது. அதற்கப்புறம் வேறு எதிலும் அவளால் எழுத முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பாள். நோயாளியின் காதுக்குப் புரிகிறதா என்று பார்க்கத்தான். "இந்த மருந்து தூக்கத்தை வரவழைக்கும். வாகனம் ஓட்ட வேண்டாம்" என்பாள். சமையலறையிலிருந்து அவர், சரி, ஓட்டல என்பார். இப்படியே வருஷங்கள் போயின. குழந்தை இல்லை. அது பற்றிய வருத்தமும் ஒரு கட்டத்தில் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகி மூலையில் உட்கார்ந்துவிட்டது.

பிறகு அவளுடைய அலுவலகம் வேறு ஊருக்கு மாறியது. பஸ் ஏறினால் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரம். நீங்களும் வாங்க, உங்க கம்பெனிக்குத்தான் அங்க ஒரு கிளை இருக்கே என்றாள். அவர் பார்க்கலாம் என்றார். வரமாட்டேன் என்று அவர் நினைக்கவேயில்லை. கையில் ஒரு வேலை பாதியில் இருந்தது. அது முடிந்ததும் மேலாளர் படுக்கையில் விழுந்தார். அப்புறம் வீட்டு ஒப்பந்தம். எதையும் சட்டென்று விட்டு வரத் தெரியாத மனுஷர். அவள் இரண்டு பெட்டியும் கம்ப்யூட்டருமாக முன்னால் போனாள், அவர் பின்னால் வருவார் என்ற நம்பிக்கையில். அவருக்கும் அதே நம்பிக்கைதான். வாராவாரம் போய் வந்தது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு போன் மட்டும். பிறகு போனும் இளைத்துக்கொண்டே போய், பண்டிகை நாளில் நலம் விசாரிப்பதோடு நின்றது. நடுவில் ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை. வந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

சாயங்காலம் வீடு திரும்பினால் சாப்பாட்டு மேசையில் பாதி காலியாக இருக்கும். அவளுடைய கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் மட்டும் மரத்தின் நிறம் மாறவில்லை, நீள்சதுரமாகத் துலங்கும். அவர் அதன் மேல் எதையும் வைப்பதில்லை. டிவியைப் போட்டால் சத்தம் அதிகமாகத் தெரிந்தது, நிறுத்தினால் நிசப்தம் அதைவிட அதிகமாகத் தெரிந்தது. அப்படி ஒரு சாயங்காலம்தான், அவள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று எடிட்டரின் உள்பக்கத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட முதல் குப்பை, பயன்படாத ஒரு மாறி. அதை எடுத்து அனுப்பினார். கூடவே இன்னும் எட்டு விஷயங்களையும் திருத்தி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பிவைத்தார்.

எடிட்டருக்குப் பொறுப்பாளர் ஒரு அம்மாள். உலகத்தின் இன்னொரு மூலையில் இருந்தாள். அவர் மனதுக்குள் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர் வைத்திருந்தார். மறுநாளே மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்ய வேண்டும், ஏன் செய்தாய் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும் என்றாள். அவருக்கு முகம் சுருங்கினாலும் சொன்னபடி கேட்டார். நாளடைவில் அவர் அனுப்புவதை அவள் பேசாமல் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். எடிட்டரின் புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம் அவருக்கு ஒரே நினைப்புத்தான். இது என் மனைவியின் கம்ப்யூட்டருக்கும் போகும். அவள் விரலுக்கு அடியில் எங்கேயோ என் கை பட்ட வரி ஓடும். அவளுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அந்த நினைப்பு சில நாள் ஆறுதலாக இருந்தது. சில நாள் அதுவே பாரமாக இருந்தது.

இப்படி இரண்டு வருஷம் போனபின் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. சரக்கு வேன் ஓட்டுகிறவன். இந்தப் பக்கம் லோடு வந்தால் ஒரு டீ குடிக்க ஏறி வருவான். அக்காவைப் பற்றி அவர் கேட்கமாட்டார். கேட்கமாட்டார் என்று தெரிந்து அவனாகவே சொல்லுவான். அன்றைக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, அக்கா ஒரு சீட்டுல என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? தினமும் மூன்று வளை சாப்பிடணுமாம்."

அவருக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். மூன்று வேளை என்றுதான் அக்கா எழுதினாளாம். எடிட்டர் புதிதாக மாறியதிலிருந்து எழுத்தைத் தின்கிறதாம். நல்லவேளையாக அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை படித்தபோது கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம், பழைய சீட்டுகளை எல்லாம் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறாளாம். யாரோ ஒரு புண்ணியவான் நல்லா இருந்ததை நோண்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே இருக்கிறாளாம்.

டீ ஆறியது. அவன் போனதும் அவர் எடிட்டரைத் திறந்தார். தேட வேண்டிய இடம் எது என்று தேடாமலே தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்த இரண்டு ஃபங்ஷன்களைப் பார்த்திருந்தார். இரண்டும் எழுத்தின் நீளத்தை அளப்பவை. எதற்கு ரெட்டை வேலை என்று ஒன்றை எடுத்துவிட்டார். எடுத்ததில் ஒரு வரி கூடுதலாக இருந்ததைக் கவனித்தும் இருந்தார். அந்த வரி இல்லாமல் ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்தார், எல்லாம் சரியாக வந்தது. ஆகவே வெட்டி வரி என்று முடிவுகட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸும் சரி என்றாள்.

நம் எழுத்தில் 'வே' என்பது கண்ணுக்கு ஒன்று. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு, 'வ' தனி, இரட்டைக் கொம்பு தனி. இரண்டையும் சேர்த்துப் பிடி என்று சொன்னது அந்த ஒரே வரிதான். அதை அவர் கூட்டித் தள்ளியிருந்தார். இத்தனை வருஷம் தமிழில் பேசி, தமிழில் எழுதுகிறவளை நினைத்து நினைத்துப் பெருக்கியவர், ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டிப் பார்க்கவில்லை.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. தவறு தன்னுடையது என்று எழுதி அனுப்பினார். ஹெட்மிஸ்ட்ரஸ் கோபிக்கவில்லை. ஆனால் இந்த முறை அவசரப்பட மாட்டேன் என்றாள். தமிழில் எழுதுகிற யாரோ ஒருவர், இந்தக் கோளாறில் மாட்டியவராகவே இருந்தால் நல்லது, தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லட்டும். அப்படி யாரையாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

தெரியும் என்று பதில் எழுதிவிட்டார். போனை எடுக்கத்தான் இரண்டு நாள் பிடித்தது.

"நான்தான்."

"தெரியுது. பேரு வருதே."

"உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன். என்ன இந்த நேரத்துல? இன்னிக்கு ஒண்ணும் விசேஷம் இல்லையே."

"எடிட்டர்ல எழுத்து விழுதுன்னு உன் தம்பி சொன்னான்."

"அதுக்கா போன் பண்ணீங்க?"

ஆமாம் என்றாலும் உண்மை, இல்லை என்றாலும் உண்மை. அவர் இரண்டையும் விட்டுவிட்டு, எப்போதெல்லாம் விழுகிறது என்று கேட்டார். அவள் கோளாறை மருந்துச் சீட்டு எழுதுவதுபோலவே சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

"ரெண்டு வரியை ஒண்ணாச் சேர்க்கும்போது மட்டும். ரெண்டாவது வரியோட முதல் எழுத்துல கொம்போ காலோ இருந்தா அது காணாமப்போயிடுது. வேளை வளையாயிடுது. காலை கலையாயிடுது."

"அது என்னாலதான்."

"எது?"

"அதைக் கெடுத்தது. ரெண்டு வருஷமா அந்த எடிட்டரைச் சுத்தம் பண்ணிட்டிருக்கேன். தேவையில்லாததுன்னு நெனச்சு ஒரு வரியை எடுத்துட்டேன்."

மறுமுனையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. முன்பு அவர் போய் வந்த நாட்களில் அந்த மின்விசிறி சத்தம் போட்டதில்லை.

"நீங்க ஏன் அதைச் சுத்தம் பண்றீங்க?"

"நீ அதுலதானே எழுதற."

போன் கட்டாகிவிட்டதோ என்று அவர் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. சனிக்கிழமை வாங்க, வந்து சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறிக் காலையில் போய்ச் சேர்ந்தார். அவளுடைய அறை ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே கீழே மெஷின்கள் கடகடப்பது காலில் தெரிந்தது. அறையில் சுவரைப் பார்த்து ஒரு மேசை, அதன் மேல் அதே பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் பூதக்கண்ணாடி. கொடியில் ஒரு துண்டு. ஒரே ஒரு நாற்காலி. அதில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முன்நெற்றியில் நரை கூடியிருந்தது. மூக்குக்கண்ணாடி புதிது. எப்போது மாற்றினாள் என்று கேட்க நினைத்து, கேட்கிற இடத்தில் தான் இல்லை என்று விட்டுவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தாள், வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோல.

திருத்திய எடிட்டரை அவளுடைய கம்ப்யூட்டரிலேயே முழுசாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. புது மெஷினில் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. இது கிழட்டு மெஷின். ஒவ்வொரு கோப்பாக முனகிக்கொண்டே எடுத்தது. திரையில் வரிகள் மெல்ல மெல்ல ஏறின. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக எழுந்துபோக யாருக்கும் காரணம் இல்லை. அப்போதுதான் அவள் பேசினாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முதல் வருஷம் கீழ ஆட்டோ வந்து நின்னாப் போதும், எட்டிப் பாப்பேன். நீங்க பெட்டியோட இறங்குவீங்கன்னு."

அவர் தலையை அசைத்தார்.

"அப்புறம் எட்டிப் பாக்கறதை நிறுத்தணும்னு நெனச்சேன். அது சுலபமா இல்ல. நிறுத்தறதுக்கே ரொம்ப நாள் ஆச்சு. இப்ப நின்னுபோச்சு."

"புரியுது."

"வராதீங்கன்னு சொல்லல. காத்துக்கிட்டு இல்லைன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற."

"நான் வரக்கூடாதுன்னு இருக்கல."

"அது எனக்குத் தெரியும். அதனாலதான் கோபப்படக்கூட முடியல."

மெஷின் வேலையை முடித்துவிட்டு நின்றது. அவள் எழுந்து வந்தாள். அவர் நாற்காலியை விட்டு நகர்ந்து கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று என்று ஒரு வரியும், வேளை என்று அடுத்த வரியும் தட்டி, இரண்டையும் சேர்த்தாள். வேளை வேளையாகவே நின்றது. காலையைச் சேர்த்துப் பார்த்தாள், பேதியைச் சேர்த்துப் பார்த்தாள், மூச்சுத்திணறலையும் கொப்புளத்தையும் சேர்த்துப் பார்த்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நோய்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து ஒட்டிக்கொண்டன. தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவருக்குத் திரையில் கவனம் இல்லை. அவளுடைய விரல்கள் விசையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலி மேசையைப் பார்த்துப் பார்த்து ஏங்கியது இந்தச் சத்தத்துக்குத்தான் என்று அவருக்கே அப்போதுதான் விளங்கியது. இன்னும் ஒரு வியாதி பாக்கி இருக்கக்கூடாதா என்றிருந்தது.

"சரியா இருக்கு" என்றாள் அவள்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். இருங்க என்று அவள் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

தமிழில் எழுதுகிற ஒருவர் பார்த்துவிட்டார், சரியாக இருக்கிறது என்று ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதினார். திருத்தத்தோடு ஒரு சோதனை வரியையும் சேர்த்து அனுப்பினார். இனி உலகத்தில் எவர் அந்த எடிட்டரில் கைவைத்தாலும், 'ஒரு நாளைக்கு மூன்று வேளை' என்ற வாக்கியத்தை அது தானாகவே உடைத்து ஒட்டிப் பார்க்கும். ஒரு கொம்பு குறைந்தாலும் திருத்தத்தை ஏற்காது. இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாள். சொன்னார். நல்ல வாக்கியம் என்று எழுதினாள். அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அடுத்த மாதம் மேலாளரிடம் போய், அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டார். மேலாளர் ஆச்சரியப்பட்டார். நாங்களே அனுப்பறோம்னு சொன்னப்பகூடப் போகலையே, இப்ப அங்க பழுது பார்க்கற வேலை மட்டும்தான் இருக்கு, கடை கடையா அலையணும் என்றார். அலைகிறேன் என்றார் இவர். வீட்டைக் காலி செய்தபோது அலுவலகத்துப் பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு மூட்டையைத் தூக்கினார்கள். பக்கத்து மேசைப் பெண் ஒரு நிஜத் துடைப்பத்தைப் புதுத்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அத்தனை பேரும் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார்.

அவளுடைய தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு அறை எடுத்தார். குடிவந்த பிறகுதான் அவளுக்கு போனில் சொன்னார்.

"எனக்காகவா வந்தீங்க?"

"இல்ல. எனக்காக."

அவள் சரி என்றாள். சந்தோஷமா, சங்கடமா என்று அந்த ஒரு சொல்லிலிருந்து எடுக்க முடியவில்லை. இரவு முழுக்க அதைப் புரட்டிப் பார்த்தும் முடியவில்லை.

பகலெல்லாம் கடைகளில் எடைத் தட்டுகளைத் தூக்கிப் பார்த்துச் சரிசெய்கிறார். முழங்கால் வலிக்கிறது. வாரத்தில் சில சாயங்காலங்களில் அவள் வேலை முடித்து இறங்கி வருவாள். இருவரும் கடைத்தெரு வரை நடப்பார்கள். காய்கறி விலை, தம்பியின் வேன், புதிதாக வந்திருக்கும் இருமல் மருந்து என்று பேச்சு போகும். தையல் கடை வாசல் வந்ததும் அவள் பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டுப் படியேறுவாள். மேலே வாங்க என்று கூப்பிட்டதில்லை. ஏறும்போது எப்போதாவது திரும்பிப் பார்ப்பாள். திரும்பாத நாட்களிலும் அவர் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வருவார். தையல்காரருக்கு அவர் முகம் பழகிவிட்டது, ஸ்டூலை எடுத்து வெளியே போடுவார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடப்பார்.

போன வாரம் அப்படி நடந்து வரும்போது அவள் ஒரு விஷயம் கேட்டாள். வாக்கியம் ரொம்ப நீளமாகப் போனால் எடிட்டரே அதை நிறம் மாற்றிக் காட்டினால் நன்றாக இருக்கும், நோயாளிக்கு மூச்சு வாங்காமல் படிக்க வரும், அப்படிச் செய்ய முடியுமா என்றாள். அவர் தயங்கினார். அது சுத்தம் செய்கிற வேலை இல்லை, புதிதாகக் கட்டுகிற வேலை, அதில் தனக்குப் பழக்கம் கிடையாது என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள், நூறு கேள்வி கேட்பாள், திருப்பித் திருப்பி அனுப்புவாள் என்றும் சொன்னார்.

"மாசக்கணக்கா இழுக்கும்."

"இழுக்கட்டும்" என்றாள் அவள். "எங்க போயிடப் போறோம்?"

சொல்லிவிட்டுக் கீரைக்காரியிடம் கட்டு என்ன விலை என்று கேட்கப் போய்விட்டாள். அவர் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு தெரு ஓரத்தில் நின்றார். போயிடப் போறீங்க என்று சொல்லியிருக்கலாம். போயிடப் போறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் போறோம் என்றாள். பேச்சுவாக்கில் வந்ததாகவும் இருக்கலாம். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் எடிட்டரைத் திறந்து, வாக்கியம் எங்கே முடிகிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.